சர்வர் சூடானால் யார் சொல்வது? ஃப்ரீபிஎஸ்டி-யை பிரித்த சென்சார் சண்டை

சர்வரில் ஃபேன் நின்றுபோனால், மெஷின் சூடாகி அணைவதற்குள் அதன் நிர்வாகிக்குத் தெரிய வேண்டும். மதர்போர்டில் இருக்கும் சென்சார் சிப்புக்கு அது தெரியும். ஆனா, சிப் சொல்றதை யார் படிப்பது? ஓப்பன் சோர்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டமான ஃப்ரீபிஎஸ்டி-யில் 2007-ல் மோதல் வெடித்தது இதில்தான்.

என்ன நடந்தது?

இதன் உறவுக்கார சிஸ்டமான ஓப்பன்பிஎஸ்டி-யில் வெப்பம், ஃபேன் வேகம், வோல்டேஜ் எல்லாத்தையும் ஒரே கமாண்டில் பார்க்கலாம். கூகுளின் 'சம்மர் ஆஃப் கோட்' திட்டத்தில் இந்த வசதி ஃப்ரீபிஎஸ்டி-க்குக் கொண்டுவரப்பட்டது. அக்டோபரில் சேர்த்தார்கள்; சில நாட்களிலேயே நீக்கிவிட்டார்கள்.

ஏன் எதிர்ப்பு?

கெர்னல்தான் சிஸ்டத்தின் இதயம். அங்கே பிழை வந்தால் மொத்த மெஷினும் முடங்கும். சென்சாரைப் படிக்க வெளியே ஓடும் சாதாரண புரோகிராம் போதாதா, முதலில் சரியான வடிவமைப்பு வேண்டாமா என்பது எதிர்த்தவர்களின் கேள்வி. ஏற்கனவே ஓடுறதை ஏன் தள்ளணும் என்பது ஆதரித்தவர்களின் வாதம்.

விளைவு?

டிராகன்ஃப்ளை பிஎஸ்டி அதே வசதியை ஏற்றுக்கொண்டது. ஃப்ரீபிஎஸ்டி-யிலோ சிபியு வெப்பத்துக்கு ஒரு டிரைவர், மதர்போர்டு சிப்புக்கு வேறொரு புரோகிராம் என வழிகள் தனித்தனியாகவே நின்றன. கெர்னல் சுத்தமாக இருந்தது. ஆனா, ஃபேனைக் கண்காணிக்கும் வேலை நிர்வாகியின் தலையில் விழுந்தது.