இராக்கண் விழிப்போரின் பகலுறக்கம்

கடுகண்ணாவையில் 2014ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தேசிய புகையிரத நூதனசாலையிலே பழைய இயந்திரங்களைக் கண்டு வியவாத மாணவர் இல்லை. ஆயின், றம்புக்கணையிலிருந்து 45 அடிக்கு ஓரடி வீதம் உயரும் ஒற்றைப் பாதையில், மழையிலும் மூடுபனியிலும் நள்ளிரவில் அத்தகைய இயந்திரங்களைச் செலுத்திய மாந்தரை நாம் எண்ணிப் பார்ப்பதுண்டா?

ஊர் உறங்கத் தாம் விழித்திருந்து உழைப்போர் இன்றும் பலர். ஆஸ்பத்திரித் தாதியர், கண்டி வீதியில் லொறி செலுத்துவோர், இரவெல்லாம் வாடிய கொழுந்தை விடியுமுன் அரைக்கும் தேயிலைத் தொழிற்சாலையினர் ஆகியோர் இவருட் சிலர்.

நம் உடலினுள்ளே ஒரு கடிகாரம் உண்டு. அதன் இயக்கத்தை விளக்கிய அமெரிக்க விஞ்ஞானியர் மூவர் 2017இல் நோபெல் பரிசு பெற்றனர். அக்கடிகாரம் சூரிய ஒளிக்குப் பணியுமேயன்றி, கடமை நேரப் பட்டியலுக்குப் பணியாது. அதிகாலை 3 மணி முதல் 5 மணி வரை உடல் வெப்பம் தணியும், கவனமும் தளரும். மனவுறுதி மிக்கோரும் தம்மையறியாது ஓரிரு நொடி கண்ணயர்வர். மலைவீதி வளைவிலே அந்நொடிகளே போதும். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயற்றிறன் மதுவருந்தியவரின் நிலையை ஒக்கும் என 1997இல் அவுஸ்திரேலிய ஆய்வொன்று காட்டியது.

ஆண்டுகள் பல சென்றபின் தோன்றும் தீங்குகளும் உள. இருதய நோயும் நீரிழிவும் இராவேலை செய்வோரிடையே கூடுதலாகக் காணப்படுகின்றன. அவ்வேலை புற்றுநோய்க்கும் ஏதுவாகக் கூடும் என உலக சுகாதார தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2007இலும் 2019இலும் எச்சரித்தது.

தொடர்ந்து பல இரவுகள் கடமை விதியாதிருத்தல் மேலதிகாரிகளின் பொறுப்பு. ஆயினும் பரிகாரத்திற் பாதி நம் வீட்டிலேயே உண்டு. விடிந்து திரும்பியவரைக் கடைக்கு அனுப்புவதும், வானொலியை உரக்க வைப்பதும், “பட்டப்பகலில் தூக்கமா?” என நகைப்பதும் தகா. இராக்கடமை முடித்து வரும் தாய்மார் நேரே அடுப்பங்கரைக்குச் செல்ல நேர்வது அதனினும் கொடிது. அவர்களுக்கு ஒளி புகாத அறையும் ஓசையற்ற சில மணி நேரமும் தேவை. கடமைக்குப் புறப்படுமுன் சிறு துயில் நன்று. நள்ளிரவில் எளிய உணவே ஏற்றது. விடியுந் தறுவாயில் தேநீரைத் தவிர்த்தால், வீடு வந்ததும் உறக்கம் வரும்.

பிள்ளைகளே, அயல்வீட்டில் அவ்வாறு ஒருவர் உறங்குகிறாரெனில், உங்கள் பந்தாட்டத்தைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். அன்றிரவு அவர் கைகளை நம்பி எத்தனையோ பேர் மலையேற இருக்கிறார்கள்.