அனுபவத்துக்குத் தெரியாத கணக்கு

முப்பது ஆண்டுகள் நாடி பிடித்தவருக்குத் தொடர் மருத்துவக் கல்வி எதற்கு, அனுபவம் போதாதா என்கிறார், நான் படித்த ஒரு கட்டுரையின் ஆசிரியர். இதய மருத்துவத்தின் வரலாறு அவர் பக்கம் இல்லை.

மாரடைப்புக்குப் பின் தாளம் தப்பித் துடிக்கும் இதயத்துக்கு ஃப்ளெகைனைடு, என்கைனைடு மாத்திரைகளை எழுதியவர்கள் அனுபவசாலிகள்தான். இசிஜி சீரானதைக் கண்ணால் பார்த்தார்கள். ஆனால் 1989இல் ‘காஸ்ட்’ ஆய்வு வேறொன்றைக் காட்டியது: மருந்தில்லா வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இவற்றைச் சாப்பிட்டவர்களே அதிகம் இறந்தார்கள். மாரடைப்பு வந்தவர் இறந்தால், நோய் கொண்டுபோய்விட்டது என்றுதானே எந்த மருத்துவரும் நினைப்பார்? மாத்திரையைச் சந்தேகிக்கத் தனி ஒருவரின் கிளினிக் போதாது.

பீட்டா பிளாக்கர் கதை நேர்மாறு. இதயச் செயலிழப்பில் கொடுக்கவே கூடாது என்று பாடம் சொன்ன மருந்து. 1999இல் வெளியான இரு பெரிய ஆய்வுகளில் இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. அதற்குமுன் கல்லூரியை விட்டவர் இதை எங்கே கற்பார்?

மருந்துக் கம்பெனி செலவில் கையெழுத்துப் போட்டு, பிரியாணி சாப்பிட்டுத் திரும்பும் வகுப்புகளைக் கட்டுரையாளர் திட்டியிருந்தால் நானும் சேர்ந்து திட்டியிருப்பேன். 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகள் கேட்பது ஐந்து ஆண்டுகளுக்கு 30 மணி நேரம். அதுவும் வேண்டாம் என்பது நோயாளிக்குச் செய்யும் அநியாயம்.