இறங்கி நடப்பவர் குற்றவாளி அல்ல

'நடைபாதை இருக்க, பாதசாரிகள் ஏன் சாலையில் இறங்குகிறார்கள்?' என்று கேட்கிறார் ஒரு கட்டுரையாளர். சென்னையில் அந்த நடைபாதையில் மின்பெட்டி நிற்கிறது, அதை ஒட்டி இரண்டு பைக், அப்புறம் கடையின் விளம்பரப் பலகை. இடுப்பில் குழந்தையோடு வரும் பெண் இறங்காமல் என்ன செய்வார்? சைக்கிள்காரர் ஓரமாகப் போகவேண்டுமாம். ஓரத்தில்தான் மணலும், உள்வாங்கிய வடிகால் மூடியும் கிடக்கின்றன.

'எல்லோருக்கும் சமப் பொறுப்பு' என்று அவர் சொல்வதை ஏற்கவே முடியாது. வேகம் இரு மடங்கானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்கு. அந்த வேகம் வண்டி ஓட்டுபவர் காலடியில்தான் இருக்கிறது. சிக்னல் இல்லாத கடவையில் நடப்பவருக்கு வழிவிடச் சொல்கின்றன 2017-ஆம் ஆண்டின் ஓட்டுநர் விதிகள். நாமோ ஹாரன் அடிக்கிறோம். நடப்பவர்களுக்கும் மிதிவண்டிக்கும் முன்னுரிமை தரும் கொள்கையைச் சென்னை மாநகராட்சி 2014-லேயே ஏற்றது. அது தெருவுக்கு ஏன் வரவில்லை என்றல்லவா அவர் கேட்டிருக்க வேண்டும்?