மூளைக்குள்ள ஏது ஊரும் சேரியும்?

‘அதுங்களுக்குப் படிப்பு ஏறாதுங்க, அதெல்லாம் ரத்தத்துல வரணும்.’ டீக்கடையில் இப்படிப் பேசுகிறான். பட்டம் வாங்கியவன் அதையே ‘ஜீன்’ என்கிறான். சரக்கு பழசு, லேபிள்தான் புதுசு.

இந்தச் சரக்கைச் சீமையில் கடைவிரித்தவர்களில் ஒருவர் நம்ம திருத்தணிக்காரர். 1888-இல் இங்கே பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். 1926-இல் ஆக்ஸ்போர்டில் அவர் நிகழ்த்திய உரைகள்தான் ‘தி இந்து வியூ ஆஃப் லைஃப்’ என்ற நூல். ஒத்த தரத்தாருக்குள் மணம் முடித்தால் நல்ல வம்சம் கெடாதாம். சாதிக்கு இப்படிப் பரம்பரை விஞ்ஞானத்தைத் துணைக்கு அழைக்கிறார். செப்டம்பர் 5-இல் அவர் படத்துக்கு மாலை போடுகிறவர்கள் இந்தப் பக்கங்களைப் புரட்டுவதில்லை.

லாகூரில் பேசவிடாமல் போய், 1936-இல் அச்சான ‘சாதி ஒழிப்பு’ உரையில் பாபாசாகேப் இவ்வாதத்தின் இடுப்பை ஒடித்தார். கல்யாணத் தடை வம்சத்தைக் காக்க என்றே வைத்துக்கொள்வோம். கூட உட்கார்ந்து சாப்பிடத் தடை எதுக்கு? சோத்துல வம்சம் கெடுமா?

அறிவில் ஆளுக்கு ஆள் வித்தியாசமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஒரு தாய் வயித்துப் பிள்ளைகளே ஒண்ணுபோல இல்லை. அதில் மரபணுவுக்கும் பங்கு உண்டு. ஆயிரக்கணக்கான மரபணுக்கள், ஒவ்வொன்றும் துளியளவு. ஆனால் ஆளுக்கு ஆள் வித்தியாசத்தைக் காட்டி சாதிக்குச் சாதி வித்தியாசம் என்று கணக்கு எழுதுவது மோசடி. 1970-இல் உயிரியலாளர் லெவொன்டின் சொன்ன விதை உதாரணம் நம்ம விவசாயக் கூலிகளுக்குச் சட்டென விளங்கும். ஒரே கோணி விதை. பாதி எரு போட்ட கழனியில், பாதி கரம்பில். ஒரே கழனிக்குள் ஒரு பயிர் உயரம், ஒண்ணு குட்டை என்றால் அது விதை. கழனிக்கும் கரம்புக்கும் உள்ள வித்தியாசம்? அது மண்.

மண் என்றால் சோறு மட்டுமல்ல, அவமானமும்தான். உத்தரப்பிரதேச கிராமங்களில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்களுக்குப் புதிர்வழிப் படங்களைக் கொடுத்தார்கள் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே. சாதியைச் சொல்லாதபோது தலித் பையன்களும் மேல்சாதிப் பையன்களும் சமமாகவே போட்டார்கள். எல்லார் முன்னாலும் சாதியை அறிவித்ததும் தலித் பையன்களின் எண்ணிக்கை சரிந்தது. அதே மூளை, அதே ரத்தம். நடுவில் மாறியது ஒரு அறிவிப்பு!

‘எஸ்.சி. பசங்க எல்லாம் எழுந்து நில்லு, ஸ்காலர்ஷிப் வந்திருக்கு.’ இந்தக் குரலைக் கேட்காமல் பள்ளி முடித்தவர் நம்மில் எத்தனை பேர்? உதவித்தொகை நம் உரிமை. அதைக் கொடுக்கப் பெயர் போதும், ஊரறியச் சாதியைக் கூவ வேண்டாம். முதலில் அதை நிறுத்துங்கள். ஜீன் கதையைப் பிறகு பேசலாம்.