இருமுறை குளித்தல் எங்கும் நன்றா?

பிள்ளைகளைக் குளிர்நாடுகளுக்கு மேற்படிப்புக்கு அனுப்பும் பெற்றோர்களுக்கும், நலக்கல்வி போதிக்கும் ஆசிரியர் நண்பர்களுக்கும் இதனை எழுதுகிறேன்.

என்னிடம் தமிழ்ப்பள்ளியில் பயின்ற மாணவன் ஒருவன் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் படிக்கச் சென்றான். முதல் குளிர்காலத்தில், ஜனவரி மாதம் ஒருநாள் என்னைத் தொலைபேசியில் அழைத்தான். கால்கள் செதில் செதிலாக உரிந்து அரிப்பதாகவும், விரல் மூட்டுகள் வெடித்து இரத்தம் கசிவதாகவும் கூறினான். தொற்றுநோய் என அஞ்சி, நண்பர்களுடன் கைகுலுக்குவதையே தவிர்த்து வந்திருக்கிறான்.

“ஐயா, நீங்கள் சொல்லிக் கொடுத்தபடி காலையும் மாலையும் சவர்க்காரம் போட்டுத்தான் குளிக்கிறேன். அரிப்பு கூடியதால் இப்போது மூன்று வேளை குளிக்கிறேன்” என்றான். அதுவும் நல்ல சூடான வெந்நீரில்!

அவனைப் பிடித்தது அழுக்கன்று, வறட்சி. அதற்கு நானும் ஒரு காரணம் என்பதே என்னை உறுத்தியது.

30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 0 பாகையில் அது 5 கிராமுக்கும் குறைவு. அக்குளிர்காற்று வீட்டினுள் புகுந்து, வெப்பமூட்டியால் 20 பாகைக்குச் சூடேறும்போது அதன் ஈரப்பதம் 30 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடும். நம் மலேசியாவிலோ அது 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். காய்ந்த காற்று தோலிலுள்ள நீரை ஈர்த்துக்கொள்கிறது. அந்நீரைக் காத்து நிற்கும் எண்ணெய்ப் பசையை வெந்நீரும் சவர்க்காரமும் கழுவிவிடுகின்றன.

வியர்த்துக் கொட்டும் நம் நாட்டுக்கு இருமுறை குளியல் சரியான பழக்கமே. ஆனால், நாம் விதியைக் கற்பித்தோமே தவிர, அதன் காரணத்தைக் கற்பித்தோமா? நீராவியை அறிவியலில் போதிக்கிறோம். குளியலை நலக்கல்வியில் போதிக்கிறோம். இரண்டையும் நான் ஒருநாளும் இணைத்துக் காட்டியதில்லை.

ஒருவேளை மட்டும் வெதுவெதுப்பான நீரில், பத்து நிமிடத்திற்குள் குளிக்கச் சொன்னேன். சவர்க்காரம் அக்குள், தொடையிடுக்கு, பாதங்களுக்கு மட்டும் போதும். துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் முழுதும் காயுமுன் வாசலின் போன்ற கெட்டியான பசையைப் பூச வேண்டும். மணமூட்டிய களிம்புகள் சிலருக்கு எரிச்சலைக் கூட்டும். பாத்திரம் கழுவக் கையுறை வேண்டும். வெடிப்பில் சீழ் கண்டாலோ, ஓரிரு வாரத்தில் ஆறாவிட்டாலோ மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அவன் தாயார் கொடுத்தனுப்பிய தேங்காயெண்ணெய் அங்கு வெள்ளையாய் உறைந்துபோக, கெட்டுவிட்டதென மூலையில் போட்டிருக்கிறான். 24 பாகைக்குக் கீழே அது உறைவது இயல்பு என்பதும் நம் வகுப்பறைப் பாடம்தானே! தந்தையாரோ, “ஆண்பிள்ளைக்குக் களிம்பெல்லாம் எதற்கு?” என்று கேட்டாராம். கம்பளி ஆடைக்கு வெள்ளிகளைக் கணக்கின்றிச் செலவழித்தவர் அவர். தோலைப் பேணுவது ஒப்பனை என்னும் இவ்வெண்ணம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை.

மூன்று வாரத்தில் அவனுக்குக் குணமாயிற்று.

அண்மையில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம், “நாம் ஏன் நாளுக்கு இருமுறை குளிக்கிறோம்?” என்று கேட்டேன். முன்வரிசைச் சிறுமி உடனே எழுந்து சொன்னாள்: “நீங்கள் சொன்னதால், ஐயா.”