பழைய வண்டியும் புதிய பலமும்

குறைந்த பொருளைச் செலவிட்டுப் பழைய மோட்டார் வண்டியின் பலத்தைப் பெருக்கிக்கொள்ள விரும்புவோர் நம்மிடையே பலர் உளர். அவர்களில் தனவந்தர் மிகச் சிலரே. தனவந்தனுக்குப் பழைய வண்டி சலித்துவிட்டால் புதிய வண்டி காத்திருக்கிறது. சிறு வியாபாரிக்கும், குமாஸ்தாவுக்கும், வாடகை வண்டி ஓட்டிக் குடும்பம் நடத்துகிறவனுக்கும் அந்த வசதி இல்லை. பாலத்தில் ஏறும்போது மூச்சு வாங்கும் எஞ்சினைப் பட்டறைக்குக் கொண்டுபோய், “இதற்கு இன்னும் கொஞ்சம் பலம் கொடுக்க முடியுமா?” என்று கேட்பவர்கள் இவர்களே. இக்கேள்விக்குப் பட்டறைக்காரன் ஒரு விடை சொல்கிறான். சட்டம் வேறொரு விடை சொல்கிறது. இரண்டு விடைகளுக்கும் நடுவேயுள்ள தூரத்தைக் குறைப்பது சர்க்காரின் கடமையென்பது நமது அபிப்பிராயம்.

இதை அற்ப விஷயமென்று எண்ணுவோர், ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரையில் ஒரு முறை போய் வருவாராக. சென்னையின் மோட்டார்த் தொழில் வளர்ந்த வீதி அது. ரகுநந்தன் சரண் 1948இல் ஸ்தாபித்த அசோக் மோட்டார்ஸ், மறு வருஷமே எண்ணூரில் ஆஸ்டின் ஏ-40 வண்டிகளைப் பூட்டி வெளியிடத் தொடங்கிற்று. அவ்வண்டியின் பெயரிலுள்ள 40 என்ற எண்ணே அதன் குதிரைச் சக்தியைக் குறிப்பது. அக்கம்பெனி 1955இல் அசோக் லேலண்டு ஆயிற்று. அதே 1955இல் தொடங்கிய என்பீல்டு இந்தியா, திருவொற்றியூரில் புல்லட் மோட்டார் சைக்கிளைச் செய்தது. கே. எம். மம்மன் மாப்பிள்ளை 1946இல் திருவொற்றியூரில் விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கிய சிறு கொட்டகையே, 1961இல் டயர் உற்பத்தி செய்யும் எம். ஆர். எஃப். தொழிற்சாலையாக உயர்ந்தது. இப்பெருந்தொழில்களின் நிழலில் எத்தனையோ லேத்துப் பட்டறைகள் முளைத்தன. அவற்றில் இரும்பைக் கடைந்து உயிர் வாழும் கம்மியருக்கு, பழைய எஞ்சினுக்குப் பலம் கொடுக்கும் வித்தை சோறு போடும் வித்தையாகும்.

இவ்வித்தை நேற்றுத் தோன்றியதன்று. இரண்டாவது உலக யுத்தத்தில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தபோது, நமது பஸ்கள் கரிவாயுவில் ஓடின. டி. வி. சுந்தரம் அய்யங்கார் அதற்கென்றே ஒரு வாயுக்கலம் அமைத்து வெளியிட்டார். கரிவாயுவில் எஞ்சினின் பலம் வெகுவாகக் குன்றும். குன்றிய பலத்தைக் கொண்டே மேடு ஏற வைத்தவர்கள் நமது டிரைவர்களும் மெக்கானிக்குகளும். சுதந்திரத்துக்குப் பிறகும் நிலைமை வேறு விதத்தில் இறுக்கமாகவே இருந்தது. இறக்குமதி தடைப்பட்டிருந்தது, உள்நாட்டில் கிடைத்த வண்டிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பியட், பத்மினி வண்டிகளின் 1,089 கன சென்டிமீட்டர் எஞ்சின் சுமார் 40 குதிரைச் சக்தியும், அம்பாஸடரின் 1,489 கன சென்டிமீட்டர் எஞ்சின் சுமார் 50 குதிரைச் சக்தியும் தந்தன. தசாப்தங்கள் கழிந்தும் அவை அவ்வளவாக மாறவில்லை. சென்னையை அடுத்த ஸ்டாண்டர்டு தொழிற்சாலை 1985இல் பிரிட்டிஷ் ரோவர் வண்டியின் அழகிய உடலை வாங்கி, அதற்குள் தன் பழைய 83 குதிரைச் சக்தி எஞ்சினையே வைத்து, ஸ்டாண்டர்டு 2000 என்று பெயரிட்டு விற்றது. ஜனங்கள் அதை ஏற்கவில்லை. சில வருஷங்களில் அது மறைந்தது.

முதலாளிகள் செய்யத் தவறியதைப் பட்டறைகள் செய்தன. அதற்குச் சாட்சி வேண்டுவோர், செங்குன்றத்துக்கு வடக்கேயுள்ள சோழவரத்தை நினைவுகூரலாம். யுத்த காலத்தில் விமானங்களுக்காகப் போட்ட ஓடுபாதையில், 1953இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல வருஷங்கள் பந்தயம் நடத்திற்று. மகாராஜாக்களும் செல்வர்களும் அயல்நாட்டுப் பந்தய வண்டிகளைக் கொண்டுவந்தார்கள் என்பது உண்மை. ஆயினும் அவற்றோடு ஓடியவை, தெருவில் நாம் அன்றாடம் கண்ட பியட், ஹெரால்டு, அம்பாஸடர் வண்டிகள். அவற்றின் எஞ்சினை உள்ளூர்க் கம்மியரே பிரித்து, கடைந்து, மெருகேற்றி, புதிய பலத்தோடு அனுப்பினார்கள். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தடம் ஏற்பட்டது. கோயம்புத்தூர் எஸ். கரிவர்தன், மாருதி 800இன் 796 கன சென்டிமீட்டர் எஞ்சினைக் கொண்டே குறைந்த விலையில் பந்தய வண்டி அமைத்து, நமது வாலிபர் பலருக்கு அக்களத்தின் கதவைத் திறந்துவிட்டார். திறமை நம்மிடம் உண்டா என்ற சந்தேகத்துக்கு இனி இடமில்லை.

இனி, பலம் என்பதை இரண்டாகப் பகுத்துப் பார்ப்போம். இழந்த பலத்தை மீட்பது ஒன்று. இல்லாத பலத்தைச் சேர்ப்பது மற்றொன்று. எழுபத்தைந்து கிலோ பாரத்தை ஒரு வினாடியில் ஒரு மீட்டர் உயர்த்தும் வலிமையே ஒரு குதிரைச் சக்தி. நாற்பது குதிரைகளோடு பிறந்த வண்டி, இருபது வருஷங்களுக்குப் பிறகு அத்தனை குதிரைகளையும் வைத்திருப்பதில்லை. தேய்ந்த பிஸ்டன் வளையம், சரியாக மூடாத வால்வு, அடைபட்ட ஏர் பில்ட்டர், நேரம் தவறிய பொறி, வழுக்கும் கிளட்ச், சக்கரத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும் பிரேக், காற்றுக் குறைந்த டயர் ஆகியவை ஒவ்வொன்றும் சிறிது சிறிதாகத் திருடிவிடுகின்றன. நல்ல மெக்கானிக் முதலில் ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளந்து பார்ப்பான்; வால்வைத் தேய்த்து உட்காரவைப்பான்; கார்புரேட்டரைக் கழுவி, பிளக்கு மாற்றி, டைமிங்கைச் சீர்செய்வான். சிலிண்டர் தேய்ந்திருந்தால் போர் அடித்து, அளவில் பெரிய பிஸ்டன் போடுவான். புதிதாக எதையும் பொருத்துமுன் இத்தனையும் செய்து முடிக்கிறவனே பணத்தின் அருமை அறிந்தவன். பலம் போதவில்லையென்று முறையிடுவோரில் பெரும்பாலோருடைய குறை இதோடு தீர்ந்துவிடும் என்று நாம் நம்புகிறோம். இதைச் சட்டமும் தடுப்பதில்லை.

பலத்தைச் சேர்ப்பது வேறு காரியம். ஹெட்டின் அடிப்பாகத்தைச் சீவி அழுத்தத்தைக் கூட்டலாம். காற்றும் புகையும் செல்லும் துவாரங்களை மெருகேற்றலாம். பெரிய கார்புரேட்டரும், தடையற்ற புகைக்குழாயும், வேறு வடிவமுள்ள கேம் ஷாப்டும் பொருத்தலாம். இவற்றுள் முதலிரண்டுக்கு வேண்டுவது பெரும்பாலும் கைவேலைக் கூலியே. ஆனால் அழுத்தம் எல்லை மீறினால் எஞ்சினுக்குள் பெட்ரோல் தட்டும், பிஸ்டன் பழுதாகும். மேலும், வேகம் இரட்டித்தால் வண்டியை நிறுத்தும் வேலை நான்கு மடங்காகும் என்பது இயற்கையின் விதி. மணிக்கு 50 கிலோமீட்டரில் ஓடிய வண்டி 70 கிலோமீட்டரில் ஓடினாலே, பிரேக்கின் பாரம் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடுகிறது. ஆகையால், பழைய டிரம் பிரேக்கையும் தேய்ந்த டயரையும் வைத்துக்கொண்டு எஞ்சினுக்கு மட்டும் பலம் கேட்பவனைப் பட்டறைக்காரன் திருப்பி அனுப்ப வேண்டும். கையில் பத்து ரூபாய் இருந்தால், முதல் ஐந்து ரூபாயைப் பிரேக்குக்கும் டயருக்கும் ஒதுக்குவதே விவேகம்.

சட்டம் இங்கேதான் குறுக்கிடுகிறது. 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் ஆதியில் குறித்த விவரங்களுக்கும் பதிவுச் சான்றின் விவரங்களுக்கும் மாறுபாடு உண்டாகும்படி வண்டியைத் திருத்தலாகாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட் 2019 ஜனவரியில் இவ்விதியைக் கண்டிப்பாக உறுதிசெய்தது. அதே வருஷத்துத் திருத்தச் சட்டம், அனுமதியற்ற ஒவ்வொரு மாறுதலுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறைவாசமோ, இரண்டுமோ விதிக்க இடமளித்தது. மாறுதலை மறைத்து வைத்தவனுக்கு விபத்து நேர்ந்தால், அவன் வண்டிக்குரிய நஷ்டஈட்டை இன்ஷூரன்ஸ் கம்பெனி மறுக்கக்கூடும் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2021இல் தனி விதி ஏற்பட்டது. ஆதி உருவத்தில் இருப்பவற்றையே அது புராதன வண்டியாக ஏற்கிறது. எண்ணூரில் பூட்டிய ஆஸ்டின்கள் இன்று இவ்வகையைச் சேர்ந்தவை. அப்பொக்கிஷங்களில் கை வைக்கலாகாது என்பதில் நமக்கு மறுப்பில்லை.

மறுப்பு எங்கே என்றால், அன்றாடம் உழைக்கும் பழைய வண்டியின் விஷயத்தில். சர்க்கார் தன் பங்குக்கு எரிபொருளை மாற்றிக்கொண்டேயிருக்கிறது. 2000 பிப்ரவரியிலிருந்து ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. ஜனங்களின் ஆரோக்கியத்துக்கு அது நன்று. ஆனால் ஈயத்தின் காப்பிலேயே இருந்த பழைய வால்வு இருக்கைகளை மாற்றிக் கடினமானவற்றைப் பதிக்கும் செலவு வண்டிக்காரன் தலையில் விழுந்தது. 2025இல் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டிற்று. எத்தனாலின் சக்தி, அளவுக்கு அளவு, பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. 10 சதவீதக் கலப்புக்கு ஒழுங்குசெய்த நான்கு சக்கர வண்டிகளின் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் வரை குறையலாமென்று 2021இல் வெளியான நிதி ஆயோக் குழுவின் அறிக்கையே ஒப்புக்கொண்டது. பழைய கார்புரேட்டர் வண்டிக்கு ஜெட்டையும் ரப்பர்க் குழாய்களையும் மாற்றிக் கொடுப்பவன் யார்? அதே தெருக்கோடிப் பட்டறைக்காரன்தான். எரிபொருள் காலத்துக்கேற்ப மாறலாம், எஞ்சின் மட்டும் பிறந்தபடியே இருக்க வேண்டுமென்பது என்ன நியாயம்?

வழி இல்லாமலும் இல்லை. 2019ஆம் வருஷத்துத் திருத்தமே 52ஆம் பிரிவில், வண்டிகளைத் திருத்துவதற்குரிய தரங்களையும் நிபந்தனைகளையும் மத்திய சர்க்கார் வகுக்கலாமென்று ஒரு ஷரத்தைச் சேர்த்திருக்கிறது. கதவு இருக்கிறது, அது சிறு பட்டறைக்காரன் நுழையும் அகலத்துக்குத் திறக்கப்பட வேண்டும். வாயுவிலோ மின்சாரத்திலோ ஓடும்படி வண்டியை மாற்றும் உபகரணத் தொகுதிகளைச் சோதித்து அனுமதிக்கும் முறை முன்னரே உண்டு. பெருங்கம்பெனிகள் ஓரகடத்து ஆராய்ச்சி நிலையத்தில் சோதனைக்குப் பணம் கட்டும். ஒரே வண்டியைத் திருத்தும் திருவொற்றியூர்க் கம்மியன் அங்கே எங்ஙனம் போவான்? ஜெர்மனியில் அங்கீகாரம் பெற்ற பரிசோதகர் ஒரு தனி வண்டியைச் சோதித்து, அதன் மாறுதலைச் சான்று செய்கிறார். ஆஸ்திரேலியாவில் வண்டியின் எடைக்கு இவ்வளவு பெரிய எஞ்சின் வரையில் செல்லுமென்று அளவு குறித்திருக்கிறார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போகும் விசைப்படகின் எஞ்சினுக்கு நமது மாகாணத்து விதியே 240 குதிரைச் சக்தி என்று எல்லை வகுத்திருக்கிறது. படகுக்கு எண் எழுதத் தெரிந்த சர்க்காருக்கு வண்டிக்கு எண் எழுதத் தெரியாதா?

நாம் கேட்பது இவ்வளவே. முதலாவது, பழைய வண்டியின் பலம் இத்தனை சதவீதம் வரை கூடலாமென்று ஓர் எல்லை வேண்டும். இரண்டாவது, பிரேக்கும் டயரும் அதற்கேற்பத் திருத்தப்பட்டிருக்க வேண்டும். புகையும் சப்தமும் விதித்த அளவைத் தாண்டலாகாது. மூன்றாவது, எளிய கட்டணத்தில் இவற்றைச் சோதித்துப் பதிவுச் சான்றில் எழுதிக்கொடுக்கும் நிலையம் வடசென்னையிலேயே அமைய வேண்டும். நான்காவது, ஏட்டுப் படிப்பில்லாத அனுபவசாலிக் கம்மியருக்குப் பரீட்சை வைத்து லைசென்ஸ் வழங்க வேண்டும்.

பலம் கூடினால் வாலிபர் நள்ளிரவில் பொதுச் சாலையைப் பந்தயக் களமாக்குவார்களே என்று சிலர் ஆட்சேபிக்கலாம். இன்று தடை இருந்தும் அது நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஒளித்துச் செய்யும் வேலையில் பிரேக்கைச் சோதிப்பவர் யார்? பந்தயத்துக்குத் தனித் தடம் உண்டு. பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டுபவனுக்குத் தண்டனை கடுமையாகவே இருக்கட்டும். காற்றைப் பற்றிய ஆட்சேபம் இதைவிடக் கனமானது. 2023 டிசம்பரில் எண்ணெய்க் கசிவையும் அம்மோனியாக் கசிவையும் ஒருங்கே அனுபவித்த எண்ணூர் ஜனங்களுக்கு, மேலும் புகையைச் சுமத்த எவருக்கும் உரிமையில்லை. அதனாலேயே புகைச் சோதனையை நிபந்தனையாகச் சேர்த்தோம். சரியாக எரியும் எஞ்சின் பலமும் தரும், புகையும் குறைக்கும்.

சுதேசியம் என்பது புதிய சரக்கை உள்நாட்டில் வாங்குவதோடு முடிவதன்று. கையிலுள்ள பழைய பொருளை நம்மவர் கைத்திறனால் உழைக்க வைப்பதும் சுதேசியமே. வடசென்னைத் தொழிற்சங்கத் தலைவர்களும், சட்டசபை, பார்லிமெண்டு அங்கத்தினர்களும் இவ்விஷயத்தைக் கையிலெடுத்து, 52ஆம் பிரிவின் கீழ் விதி வகுக்கும்படி மத்திய சர்க்காரை வற்புறுத்துவார்களாக. பயந்து பயந்து கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்யும் கம்மியன், தன் பெயர்ப் பலகையை வாசலில் மாட்டிக்கொண்டு வேலை செய்யும் நாள் விரைவில் வர வேண்டும்.