விழா மண்டபமும் மின்வெட்டொளியும்

நம் கல்லூரியில் இந்நாளில் எந்த விழா நடந்தாலும், மங்கல விளக்கேற்றுவோருக்கு முன்னால் மூவர் நால்வர் சபைக்கு முதுகு காட்டி நிற்பர். அவர்கள் படம் பிடிப்போர். விளக்கு ஏற்றப்பட்டுவிட்டது என்பதைச் சபையோர் அறிவது, அம்முதுகுகளுக்கு அப்பால் பளீர் பளீரென்று எழும் வெளிச்சத்தைக் கொண்டேயாம். தமிழ் கற்பிக்கும் ஒருவனுக்குப் படப்பிடிப்பைப் பற்றி எழுத என்ன உரிமை உண்டென்று பழைய மாணவர் சிலர் கேட்கக்கூடும். ஒளிப்படக் கழகத்தைப் பொறுப்பேற்க எவரும் முன்வராத ஓராண்டில் அப்பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தது. பயிற்சிக் கலாசாலையில் எனக்கு யாப்புக் கற்பித்தார்களேயன்றிக் கமராவைத் தொடக் கற்பித்தாரல்லர். எனவே மாணவரிடமே கற்றேன். கற்றவற்றுள் ஒன்றை ஈண்டுச் சொல்ல விழைகின்றேன்: மண்டபத்துள், மங்கிய வெளிச்சத்தில், பிளாஷ் எனப்படும் மின்வெட்டொளி இன்றியே மனிதரை நன்றாகப் படம் பிடிக்கலாம், நம் விழாக்களில் அவ்வாறே பிடிக்கவும் வேண்டும்.

இவ்வெண்ணம் எனக்கு நூலிலிருந்து பிறந்ததன்று. சில ஆண்டுகளுக்கு முன்னர், எனக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியப் பெருந்தகை ஒருவருக்குப் பாராட்டு விழா நடைபெற்றது. அப்பொழுது அவர் ஒரு கண்ணில் சத்திரசிகிச்சை செய்து சில வாரங்களே ஆகியிருந்தன. ஏற்புரையை நான்கு பக்கங்களில் தம் கையாலேயே எழுதி வந்திருந்தார். முதற் பக்கம் முடியுமுன்னரே முன்வரிசைக்கும் மேடைக்கும் இடையில் நின்ற படப்பிடிப்பாளர் அவர் முகத்துக்கு நேரே ஆறேழு முறை வெட்டொளியைப் பாய்ச்சினார். ஐயா நிறுத்தினார். “தம்பி, கொஞ்சம் பொறுங்கோ, எழுத்துத் தெரியேல்லை” என்றார். சபை சிரித்தது. மீண்டும் தொடங்கினார், மீண்டும் ஒளி வெட்டியது. தாள்களை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, எல்லாருக்கும் நன்றி கூறி அமர்ந்தார். எஞ்சிய மூன்று பக்கங்களில் என்ன எழுதியிருந்தார் என்பதை நாம் எவரும் கேட்டிலேம்.

இரண்டு ஆண்டுகளின் பின் அவர் மறைந்தார். அந்தியேட்டி நினைவு மலருக்கு ஒரு படம் வேண்டுமென்று குடும்பத்தார் கேட்டபொழுது, அவ்விழாவின் படத்தொகுதியை எடுத்துப் பார்த்தோம். ஒரு படத்தில் கண் மூடியிருந்தது. மற்றொன்றில் முகம் சுருங்கியிருந்தது. வேறொன்றில் மூக்குக்கண்ணாடி முழுவதும் வெள்ளைத் தகடாய்க் கிடந்தது. ஈற்றில் உதவியது, உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் தன் மாமனாரின் பழைய கமராவால் பிடித்த ஒரு படமேயாகும். விழாத் தொடங்குமுன் ஆசிரியர் அறைச் சாளரத்தருகே அமர்ந்து, தாள்களைக் கையில் ஏந்தி, உதடசைத்துப் படித்துப் பார்த்துக்கொண்டிருந்த ஐயா அப்படத்தில் இருக்கின்றார். ஒரு கன்னத்தில் மாலை வெளிச்சம். மறு கன்னத்தில் மென்னிழல். படத்தில் சிறிது மணல்மணலான தன்மை உண்டு. அதனை எவரும் குறையாகக் கூறவில்லை.

வெட்டொளியின் இயல்பைச் சிறிது நோக்குவோம். ஒரு சிறு விளக்கிலிருந்து புறப்படும் ஒளி, தூரம் இருமடங்கானால் நான்கிலொன்றாகக் குறையும். நான்கு மடங்கானால் பதினாறிலொன்றாகும். 3 மீற்றரில் நிற்கும் தலைவருக்கு அளவான ஒளி, 12 மீற்றரில் இருக்கும் பின்சுவருக்கு அதன் 16 இல் ஒரு பங்கே. ஆகவேதான் மண்டபத்தில் விளக்குகள் எரிந்தும், படத்தில் தலைவர் குகை வாயிலில் நிற்பவர் போலக் காட்சியளிக்கின்றார். பின்வரிசையிலிருந்து கைபேசியால் வெட்டொளி வீசுவோர் முன்னிருப்பவர் தலைமயிரையே விளக்குகின்றனர். ஒளியைக் கூரையில் எறிந்து மீளச் செய்யலாமே என்பர் தொழில் அறிந்தோர். வெள்ளையடித்த தாழ்ந்த முகடுள்ள அறையில் அது நல்ல உபாயமே. ஓடு வேய்ந்த நம் பிரார்த்தனை மண்டபத்தில் மேலே எறிந்த ஒளி மேலேயே போய்விடும். வாணி விழாவில் நேரும் கேடோ இன்னும் பெரிது. குத்துவிளக்கின் பொன்னிறம் கும்பத்திலும் பிள்ளைகளின் முகத்திலும் படிந்திருக்கும் அழகே அக்காட்சி. வெட்டொளி பட்ட அளவில் சுடர் வெளிறிய புள்ளியாகிவிடுகின்றது. பிள்ளைகளின் முகத்தில் எண்ணெய் மினுக்கம் மட்டுமே எஞ்சுகின்றது.

வெட்டொளி தோன்றிய வரலாறும் அறியத்தக்கது. 1887 ஆம் ஆண்டில் செருமானியர் மகனீசியப் பொடியைக் கொளுத்தி ஒளி உண்டாக்கும் முறையை வெளியிட்டனர். நியூயோர்க் நகரத்து ஏழை மக்களின் இருண்ட அறைகளை அம்முறையால் உலகுக்குக் காட்டிய யேக்கப் றீஸ் என்பவர், படம் பிடிக்கப் போன இடத்தில் தீப்பற்ற வைத்ததும் உண்டு. அவர் செய்த தொண்டு பெரிது. இருளில் கிடந்தாரைக் காட்ட அன்று வேறு வழியிருக்கவில்லை. ஆனால் 1924 இல் எர்மனொக்ஸ் என்னும் சிறு கமரா செருமனியில் விற்பனைக்கு வந்தபின் அந்நிலை மாறியது. மிக அகன்ற வாயுடைய வில்லை அதில் இருந்தது. சட்டம் கற்ற எரிக் சாலமன் என்பவர் அதனைக் கொண்டு நீதிமன்றங்களிலும் நாடுகளின் அமைச்சர் கூடிய மாநாடுகளிலும் இருந்த வெளிச்சத்திலேயே படம் பிடித்தார். நள்ளிரவு கடந்து சோர்ந்து சாய்ந்திருக்கும் அமைச்சர்களை அவர் படங்களில் காணலாம். யூதராகிய அவரை 1944 இல் நாசிகள் அவுசுவிச் முகாமில் கொன்றனர்.

நம் நாட்டோடு தொடர்புடைய ஒருவரும் உளர். யூலியா மார்கரெட் கமெரன் அம்மையார் இங்கிலாந்தில், கோழிகள் அடைத்த கண்ணாடிக் கொட்டிலொன்றைப் படமனையாக்கி, நிமிடக் கணக்கில் ஆட்களை அசையாதிருக்கச் செய்து முகங்களைப் பிடித்தவர். படம் தெளிவில்லை என்று அக்காலத்தார் எள்ளினர். இன்று அம்முகங்களே போற்றப்படுகின்றன. 1875 இல் இலங்கைக்கு வந்து, 1879 இல் இங்கேயே காலமாகிப் பொகவந்தலாவையில் அடக்கமானார்.

இனி, செய்யும் முறை. கமெரன் அம்மையார் நிமிடங்கள் காத்திருந்த இடத்தில் நமக்கு நொடியின் அறுபதிலொரு பங்கு போதும். வில்லையின் வாயை இயன்ற அளவு திறக்க வேண்டும். எஃப் 5.6 இல் நுழையும் ஒளியினும் ஏறத்தாழப் பத்து மடங்கு எஃப் 1.8 இல் நுழையும். விலை குறைந்த 50 மி.மீ. வில்லைகளிலேயே அவ்வளவு அகலம் உண்டு. அவ்வாறு திறந்தால் தெளிவு ஒரு சாண் ஆழத்துக்கே நிற்குமாதலால், குறியைக் கண்ணிலேயே வைத்தல் வேண்டும். உணர்திறனை 1600 க்கோ 3200 க்கோ உயர்த்த அஞ்சற்க. மணல்மணலாகத் தோன்றுவதைப் பொறுக்கலாம். கலங்கிப்போன முகத்தைத் திருத்த முடியாது. இருந்து கேட்பவருக்கு அறுபதிலொன்று போதும். கையசைத்துப் பேசுபவருக்கு நூற்றிலொன்றேனும் வேண்டும். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்றாதலின் குழல்விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். அதனினும் மிக விரைந்து மூடினால் படத்தில் பட்டைகள் விழலாம்.

எங்கள் கழகத்து மாணவர் பலர் இடறி விழுந்த இடம் ஒன்று உண்டு. கமராவின் அளவுகோல் தான் காண்பதெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணும் பேதைமை உடையது. வெள்ளை வேட்டியும் சால்வையும் அணிந்த பெரியவரைக் காட்டினால், “ஒளி மிகுதி” என்று அது குறைத்துவிடும். சால்வை சாம்பலாகும், மாநிற முகம் கரியாகும். அங்கே ஒரு படி கூட்ட வேண்டும். கறுப்புத் திரைக்கு முன் நிற்பவருக்கோ குறைக்க வேண்டும். தூணில் சாய்ந்து, மூச்சையடக்கி, பேச்சாளர் சொல்லுக்குச் சொல் விடும் இடைவெளியில் அழுத்துக. இந்த இடைவெளியைப் பிடிப்பது கேட்டல் தெரிந்தவனுக்கே கைகூடும். பேச்சைக் கேளாத படப்பிடிப்பாளன் வாய் கோணிய படங்களையே கொண்டுவருவான்.

இன்றைய கைபேசிகள் இரவில் பல படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒன்றாக்கித் தருகின்றன. அசையாது நிற்பவருக்கு அது நன்று. அசைபவர் கலங்குவர், சிலவேளை முதியவரின் முகச் சுருக்கங்களையும் அது துடைத்துவிடுகின்றது. எழுபது ஆண்டு உழைத்துப் பெற்ற சுருக்கங்களைத் துடைக்க ஒரு பொறிக்கு யார் அதிகாரம் கொடுத்தார்?

எதிர்வாதத்தையும் மறைக்க மாட்டேன். பரிசு பெறும் பிள்ளையின் படம் இருண்டுபோனால் பெற்றோர் வருந்துவர். பணம் பெற்றுப் பிடிப்பவர் அவ்வாபத்துக்கு அஞ்சுகின்றார். அவர் அச்சம் நியாயமானதே. அறுபது பேர் நிற்கும் குழுப்படத்தை மங்கிய மண்டபத்துள் பிடிக்க யானும் சொல்லேன். அதனைக் காலையில் வேம்பின் நிழலில் பிடிக்கலாம். நம் பழைய அதிபர்களின் குழுப்படங்களெல்லாம் வெளியில் பிடித்தவையே. பரிசளிக்கும் இடத்துக்கு மட்டும் மேடையோரத்தில் இரண்டு நிலையான விளக்குகளை, மெல்லிய வெண்துணி போர்த்தி நிறுத்தினால் எவர் கண்ணும் கூசாது.

யூபிலி ஆண்டுச் செயற்குழுவினரிடம் என் வேண்டுகோள் சிறியது. பரிசளிப்பு விழாவை மாலை ஆறுக்கு வையாது மூன்று மணிக்குத் தொடங்குக. (பிரதம விருந்தினர் நேரத்துக்கு வருவாராயின் என்பதையும் சேர்த்துக்கொள்க.) மண்டபத்தின் மேற்குச் சாளரங்களை மறைத்துக் கட்டும் பதாகைகளை அன்று வாயிற்புறத்தில் கட்டுக. ஒளிப்படக் கழகத்திலிருந்து இரண்டு மாணவரை யான் அனுப்புவேன். ஒருவன் முன்வரிசை ஓரத்திலும் மற்றவன் இரண்டாந் தூணருகிலும் அமர்ந்திருப்பான். விளக்கேற்றுவோருக்கு முன்னால் எவரும் நில்லார்.